எட்டு முழத்தில் ஆறு பை

மான்மவுத் ஜங்ஷன், நியூ ஜெர்சி
6 ஜனவரி 1998

அன்புள்ள மரகதத்துக்கு,

ஃபோனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது என்பதால் எழுதுகிறேன். இங்கே ஃபோன் ஹாலில் இருக்கிறது. கூடத் தங்கியிருக்கிற குமாரசாமியும் மற்ற இரண்டு பேரும் டி.வி. பார்க்கிற சாக்கில் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நேற்று நீ பட்டென்று வைத்ததும் குமாரசாமி, "என்ன சபரி, டெக்சாஸ்ல புயலா?" என்றான். ஆபீஸ் மெயிலில் தமிழ் வராது. கட்டின பெண்டாட்டிக்கு இங்கிலீஷில் எழுதினால் லீவ் லெட்டர் மாதிரி இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ஆறு மாதத்துக்கு என்று சொல்லித்தானே கன்சல்டன்சிக்காரர்கள் அக்டோபரில் என்னை இங்கே அனுப்பினார்கள்? இப்போது இந்தக் கம்பெனியே என்னை நேரடியாக எடுத்துக்கொள்ளப் போகிறது. கிரீன் கார்டும் ஃபைல் பண்ணுவார்களாம். மேனேஜர் மகாதேவன் தன் வாயாலேயே சொன்னார். நான்கு வருஷமாக இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே ஊர் ஊராகப் பெட்டி தூக்கினோம்? மே கடைசியில் கயலுக்கு கிண்டர்கார்டன் முடிகிறது. காப்பெல் வீட்டு லீஸும் அப்போது முடிகிறது. ஜூன் முதல் வாரம் நீங்கள் இரண்டு பேரும் இங்கே வந்துவிடுங்கள்.

இன்னொன்று. மகாதேவன் வெஸ்ட் வின்ட்சரில் வீடு வாங்கியிருக்கிறார். தை முடிவதற்குள் பால் காய்ச்ச வேண்டும் என்று பிப்ரவரி எட்டாம் தேதி கிரகப்பிரவேசம் வைத்திருக்கிறார். என் பச்சைக் கரை வேட்டியை உடனே தபாலில் அனுப்பு. போன தீபாவளிக்கு அம்மா கஞ்சி போட்டு, தேய்த்து, மடித்து அனுப்பியது. அலமாரியில் மேல் தட்டில் பாலிதீன் உறையோடு இருக்கும். அதைக் கட்டிக்கொண்டு நின்றால்தான் நான்கு பேர் மதிப்பார்கள்.

ஃபோனில் கயல் ஏதோ சொன்னாளே, "அம்மா மேக்ஸ் ஸ்டிங்கி டீ இன் தி பிக் பாட்" என்று? நாற்றமடிக்கிற டீயா, என்ன டீ அது? யாருக்கு அவ்வளவு டீ?

அன்புடன்,
சபரிநாதன்


காப்பெல், டெக்சாஸ்
12 ஜனவரி 1998

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. வேலை நிரந்தரமானதில் ரொம்பச் சந்தோஷம். நிஜமாகவே சந்தோஷம். படித்ததும் கயலைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினேன்.

அடுத்த வரியில் ஜூன் மாதம் வந்துவிடுங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். "வரலாமா?" என்று ஒரு கேள்விக்குறி போட்டிருந்தால் பேனா தேய்ந்தா போயிருக்கும்? போன தடவை ஹூஸ்டனிலிருந்து கிளம்பினபோதும் இப்படித்தான். நான் பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தேன், நீங்கள் அட்டைப் பெட்டியோடு வந்து நின்றீர்கள். அன்றைக்கு எனக்கு விட்டுப்போக ஒன்றும் இல்லை, மூட்டை கட்டினேன். இந்த ஊர் இப்போது எனக்குப் பிடித்துவிட்டது. காரணம் கேட்காதீர்கள், சொல்கிறேன். இந்தக் கடிதத்தில் வேண்டாம்.

கயல் சொன்ன டீயும் அப்படித்தான். அவளுக்கு எது கொதித்தாலும் டீ. ஒரு கஷாயம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்குக் கொடுக்கிற கஷாயம் இல்லை.

வேட்டியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பொங்கலுக்கு ருக்மிணி ஆன்ட்டி வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு கட்டடம் தள்ளித்தான் இருக்கிறார்கள் என்றாலும் போகப் பிடிக்கவில்லை. போனால், "என்ன மரகதம், சும்மாதானே இருக்கே?" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

அன்புடன்,
மரகதம்


மான்மவுத் ஜங்ஷன்
20 ஜனவரி 1998

மரகதம்,

கஷாயமா? நல்ல கஷாயம்!

ஞாயிற்றுக்கிழமை இங்கே பொங்கல் விழா நடந்தது. உன் ருக்மிணி ஆன்ட்டிக்கு ஒரு தங்கை வெஸ்ட் வின்ட்சரில் இருப்பது எனக்குத் தெரியாது. சர்க்கரைப் பொங்கல் தட்டோடு நேராக என்னிடம் வந்தாள். "நீங்கதானே காப்பெல் சபரிநாதன்? தப்பா எடுத்துக்காதீங்க, உங்க மிஸஸ் வீட்டிலேயே பீர் காய்ச்சறாங்களாமே? அக்கா சொன்னா, கராஜ் பூரா ஜாடியா நிக்குதாம்!" பக்கத்தில் மகாதேவனும் அவர் மனைவியும் நிற்கிறார்கள். சிரித்து வைத்தேன். வேறென்ன செய்ய?

குமாரசாமி மூன்று நாளாக என்னை "சபரி, ஸ்டாக் எப்போ வருது?" என்று கேட்கிறான்.

நான் ஒன்றும் பட்டிக்காட்டான் இல்லை. ஆபீஸ் பார்ட்டியில் ஒரு கிளாஸ் நானும் எடுப்பேன், உனக்கே தெரியும். அது வேறு. நம் வீட்டில், சாமி படம் இருக்கிற அடுப்பங்கரையில், சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு, நீ காய்ச்சுகிறாய் என்றால் யார் என்ன நினைப்பார்கள்? இங்கே நான் ஒவ்வொருத்தர் முகமும் பார்த்து நடந்துகொள்கிறேன், இந்தக் கிரீன் கார்டுக்காக. நீ அங்கே ஜாடி அடுக்குகிறாய்.

எவ்வளவு நாளாக நடக்கிறது? எதற்காக? உடனே பதில் எழுது.

வேட்டியும் இன்னும் வரவில்லை.

சபரிநாதன்


காப்பெல்
27 ஜனவரி 1998

உயர்திரு சபரிநாதன் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் கேட்டபடி உடனே பதில்.

எவ்வளவு நாளாக? தாங்கள் விமானம் ஏறிய இரண்டாவது வாரத்திலிருந்து. எதைக் கொண்டு? தாங்களே கொண்டுவந்ததைக் கொண்டு. போன வருஷத்துக்கு முந்தின கிறிஸ்துமஸுக்கு ஆபீஸில் சீட்டு எடுத்துப் பரிசு மாற்றிக்கொண்டபோது உங்களுக்கு வந்த பெட்டி, "வீட்டிலேயே பீர்" என்று எழுதினது. "இதை எவன் பண்ணுவான்?" என்று சொல்லி வாக்யூம் கிளீனருக்குப் பின்னால் போட்டீர்களே, அதே பெட்டிதான்.

எதற்காக என்று கேட்டீர்கள். கோயம்புத்தூரில் நான் படித்தது எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி. ஞாபகம் இருக்கிறதா? கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வருஷம் ஈரோட்டில் பால் பண்ணை லேபில் வேலை பார்த்தேன். உங்கள் மனைவி என்று எச்-ஃபோர் விசாவில் வந்ததிலிருந்து வேலை செய்யக் கூடாது, சட்டம். சரி. ஆனால் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறதே, அதற்கு எந்த விசா? கயலை ஸ்கூலில் விட்டு வந்து கதவைச் சாத்தினால் மூன்று மணி வரைக்கும் இந்த வீட்டில் ஃபிரிஜ் சத்தம் மட்டும்தான். அந்தப் பெட்டிக்குள் ஒரு பாக்கெட் ஈஸ்ட் இருந்தது. தண்ணீரில் போட்டேன், நுரைத்து எழுந்தது. நான்கு வருஷத்தில் அன்றைக்குத்தான் என் படிப்பு என்னைப் பார்த்துத் திரும்பிப் பேசின மாதிரி இருந்தது. அழுதேன் என்றால் சிரிப்பீர்கள்.

செய்முறையும் சொல்லிவிடுகிறேன், மகாதேவன் கேட்டால் சொல்ல வசதியாக இருக்கும். மால்ட் சாற்றை, அதாவது முளைகட்டின பார்லியின் சாற்றை, தண்ணீரில் கரைத்துக் கொதிக்க வைக்க வேண்டும். அந்த இனிப்புத் தண்ணீருக்கு வோர்ட் என்று பெயர். அதில் ஹாப்ஸ் போட வேண்டும். காய்ந்த பச்சைப் பூ, வேப்பம்பூவைவிடக் கசப்பு. ஒரு மணி நேரம் கொதித்து ஆறினதும் ஈஸ்ட் போட்டு மூடி வைத்தால் தோசை மாவு மாதிரி தன்பாட்டில் புளிக்கும். அவ்வளவுதான் சாராயம்.

முதல் தடவை ஹாப்ஸை அப்படியே கொட்டினேன். பூவெல்லாம் கூழாகி, ஜாடிக்கு மாற்றுகிற குழாயை அடைத்துக்கொண்டது. இரண்டாம் தடவை கடையில் ஹாப்ஸுக்கென்று விற்கிற பை வாங்கினேன். கயலின் சாக்ஸ் அளவுதான் இருந்தது. ஹாப்ஸ் தண்ணீர் பட்டால் அரிசி மாதிரி ஊதும். பை விறைத்துக் கல்லாகி, நடுவில் இருந்த பூ நனையவே இல்லை. கசப்பு இறங்காமல் சர்க்கரைத் தண்ணீராகிவிட்டது. பெரிய பை வேண்டும், நெசவு இளசாக இருக்க வேண்டும், சாயம் கூடாது. நானே தைத்தேன். பாத்திரத்தின் கைப்பிடியில் கட்டித் தொங்கவிட்டு, மிதக்காமல் இருக்க உள்ளே ஒரு எவர்சில்வர் கரண்டி போட்டேன். கசப்பு என்ன அழகாக இறங்கியது தெரியுமா?

துணி எது என்றுதானே கேட்கப் போகிறீர்கள். பச்சைக் கரை வேட்டி. எட்டு முழத்தில் ஆறு பை. நவம்பர் மாதமே வெட்டியாகிவிட்டது. தேடுகிறேன் என்று எழுதினது பொய். அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன்.

இங்கே ஒரு பீர் சங்கம் இருக்கிறது. கடைக்குப் பின்னால் ஞாயிறு மதியம் கூடுவார்கள், கயலையும் கூட்டிப்போவேன். எல்லாரும் தாடி வைத்த எஞ்சினியர்கள். முந்தாநாள் போட்டி வைத்தார்கள். என் பீருக்குப் பரிசு இல்லை. வாசனைக்கும் கசப்புக்கும் நல்ல மார்க், ஆனால் கலங்கல். அரிசி கழுவின தண்ணீர் மாதிரி நின்றது. ஏன் என்று புரியாமல் மண்டை காய்கிறது. உங்கள் கோபத்தைவிட அதுதான் இரண்டு நாளாக என்னைத் தூங்க விடவில்லை.

நான் குடிக்கிறேனா என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்க நினைத்திருப்பீர்கள். இரண்டு மிடறு. பிடித்திருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் மனைவி


மான்மவுத் ஜங்ஷன்
10 பிப்ரவரி 1998

மரகதம்,

கிரகப்பிரவேசம் முடிந்தது. குமாரசாமியிடம் வேட்டி கடன் வாங்கிக் கட்டிக்கொண்டு போனேன். நான்கு முழம், ஜிகினாக் கரை, வழுவழுவென்று நிற்கவே இல்லை. பேன்ட் பெல்ட்டை மேலே இறுக்கிக்கொண்டு, பால் பொங்குகிற வரைக்கும் ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி நின்றேன். அந்த போட்டோவை அம்மாவுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அம்மா என்ன கேட்பாள் என்று உனக்கே தெரியும். "தம்பி, கரை ஏண்டா மாறியிருக்குது?"

நீ எழுதினதை நான்கு தடவை படித்தேன். கை சும்மா இருக்காது என்றால் தையல் கிளாஸ் இருக்கிறது, கோயிலில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கலாம். எத்தனையோ பேர் எச்-ஃபோரில் இருக்கிறார்கள். எல்லாரும் புருஷன் வேட்டியை வெட்டிப் பீர் வடிகட்டவில்லை.

ஜாடிகளைக் கொட்டிவிடு. எல்லாவற்றையும். அந்தச் சங்கத்துக்கும் போகாதே. மூன்றரை மாதம்தான் இருக்கிறது, பொருள்களைக் கட்ட ஆரம்பி. கயலுக்காகவாவது கேள்.

இங்கே பனி. ஆபீஸ் விட்டு வந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை. பார்க்கிங் லாட்டைச் சுற்றிச் சுற்றி நடக்கிறேன், பக்கத்து வீட்டுக்காரன் சந்தேகமாகப் பார்க்கிறான்.

சபரி


காப்பெல்
5 மார்ச் 1998

மாமா,

மூன்று வாரம் பதில் எழுதாமல் இருந்தேன். இரண்டு தடவை ஃபோன் அடித்து நீங்கள் கயலிடம் மட்டும் பேசி வைத்ததும் தெரியும். ஜாடிகளைக் கொட்டவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், கடைசி வரைக்கும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

அந்தக் கலங்கலுக்குக் காரணம் கண்டுபிடித்துவிட்டேன். ஈஸ்ட் என்று நினைத்துக் குளிரில் வைத்தேன், தெளியவில்லை. கிருமியா என்று முகர்ந்து பார்த்தேன், இல்லை. ஒரு நாள் கயல் முட்டியைத் தேய்த்துக்கொண்டு வந்தாள். டிங்க்சர் அயோடினை எடுத்துப் போடும்போது பொறி தட்டியது. அவளை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். "அம்மா, மை நீ!" என்று அவள் கத்தினாள். வெள்ளைச் சாசரில் கொஞ்சம் பீர், இரண்டு சொட்டு அயோடின். நீலம்! கன்னங்கரேலென்று நீலம். மாவுச்சத்து!

மால்ட் சாற்றில் மாவுச்சத்து இருக்காது. ஹாப்ஸிலும் இல்லை. பின் எங்கிருந்து வந்தது? உங்கள் அம்மா போட்ட கஞ்சி, மாமா! அத்தை கஞ்சி போட்டால் வேட்டி தானாகவே நிற்குமே. ஒரு தடவை அலசிவிட்டுத் தைத்தேன், போதும் என்று நினைத்தேன். ஒரு மணி நேரக் கொதியில் அத்தனை கஞ்சியும் வோர்ட்டில் இறங்கிவிட்டது. தரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். கயலும் முட்டி வலியை மறந்து சிரித்தாள், எதற்கென்று தெரியாமலே.

அடுத்த ஞாயிறு சங்கத்தில் சொன்னேன். வேட்டி என்றால் என்ன, கஞ்சி என்றால் என்ன என்று விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள், ஒருவரைத் தவிர. வேய்ன் என்று பெயர், ஐம்பது வயதிருக்கும். டாலஸுக்குத் தெற்கே பழைய டயர் கிடங்கு ஒன்றில் சின்ன ப்ரூவரி, பீர் ஆலை, நடத்துகிறார். ஐந்து மாதமாக அவர் பீரும் கலங்குகிறதாம். தண்ணீரை மாற்றிப் பார்த்தார், ஈஸ்டை மாற்றிப் பார்த்தார். கடைக்காரர்கள் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் என்னை வந்து பார்க்கச் சொன்னார்.

போனேன். ஹாப்ஸைப் போட அவர் தைத்து வைத்திருந்த பைகளைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. புத்தம் புதுக் காடாத் துணி! துவைக்கச் சோம்பல்பட்டு ஒவ்வொரு கொதிக்கும் புதுப் பை போடுகிறார். சென்னிமலைப் பக்கம் பிறந்தவளுக்கு இதைச் சொல்லியா தர வேண்டும்? பாவு நூலுக்குக் கஞ்சி போடாமல் தறி ஓடாது. துணியைத் தொட்டாலே விரலில் மொரமொரப்பு. ஒரு துண்டைக் கொதிக்க வைத்து அயோடின் விட்டுக் காட்டினேன். நீலம். அந்த மனுஷர் தொப்பியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பைகளை மூன்று தடவை சோடா போட்டுக் கொதிக்க வைத்துத் துவைக்கச் சொன்னேன். போன வாரம் கூப்பிட்டார், கண்ணாடி மாதிரி தெளிந்துவிட்டதாம்.

அவருக்கு ஒரு லேப் ஆள் வேண்டும். என்னைக் கேட்கிறார். வேலை செய்கிற விசா, எச்-ஒன்னுக்கு அவரே மனுப் போடுவார், வக்கீலிடம் பேசிவிட்டார், என் எம்.எஸ்சி. செல்லுமாம். ஏப்ரலில் அனுப்பினால் அக்டோபரில் வேலையில் சேரலாம். இந்த வருஷக் கோட்டா வேகமாகத் தீரும், ஏப்ரல் முதல் வாரத்துக்குள் கையெழுத்து வேண்டும் என்கிறார்.

எனக்கு இந்த வேலை வேண்டும். சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன், வேண்டும். நீங்கள் சரி என்று சொல்ல வேண்டும் என்று மனது அடித்துக்கொள்கிறது. இந்தக் கடிதத்தைப் பெட்டியில் போட்டதிலிருந்து தபால்காரரைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன்.

மரகதம்


மான்மவுத் ஜங்ஷன்
14 மார்ச் 1998

அன்புள்ள மரகதத்துக்கு,

கஞ்சிக் கதையைப் படித்து நானும் சிரித்தேன், பொய் சொல்லவில்லை. குமாரசாமிக்குப் படித்துக் காட்டினேன். "உங்க வீட்டம்மா பயங்கரமான ஆளுப்பா" என்றான். உன் மூளையைப் பற்றி எனக்கு என்றைக்கும் சந்தேகம் இல்லை.

ஆனால் வேலை நடக்காது. யோசித்துப் பார். அக்டோபரிலிருந்து நீ டெக்சாஸ், நான் நியூ ஜெர்சி. கயல் யாரோடு? காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது? ஆறு மாதப் பிரிவே என்னை இப்படி ஆக்கியிருக்கிறது. இன்னும் எத்தனை வருஷம்? கிரீன் கார்டு வரும் வரை நான் இந்தக் கம்பெனியை விட்டு அசைய முடியாது, அது மூன்று வருஷமோ நாலோ. ஊரில் கேட்டால் என்ன சொல்வது, என் மனைவி பீர் கம்பெனியில் இருப்பதால் தனியாக இருக்கிறேன் என்றா?

நானும் கல் மனசுக்காரன் இல்லை. விசாரித்தேன். நியூ ஜெர்சியில் வீட்டில் பீர் காய்ச்ச அரசாங்க அனுமதி வாங்க வேண்டுமாம். ஆச்சரியமாக இருக்கிறது, இல்லையா? ஃபாரம் வாங்கி உன் பெயரில் பூர்த்தி செய்து வைத்திருக்கிறேன், கையெழுத்து மட்டும்தான் பாக்கி. இங்கே வா, ஞாயிற்றுக்கிழமை காய்ச்சு, எவள் என்ன சொன்னாலும் நான் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு பெட்ரூம் வீட்டுக்கு ஜூன் ஒன்றிலிருந்து லீஸ் போட்டுவிட்டேன். கராஜ் இல்லை, பெரிய ஸ்டோர் ரூம் இருக்கிறது. ஜாடி வைக்கலாம். நீ சொன்ன மாதிரி பெரிய பையாகக் கடையில் கேட்டு, நைலானில் இரண்டு வாங்கி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கஞ்சி கிடையாது.

உண்மையான பயத்தையும் சொல்லிவிடுகிறேன். நீ இல்லாமல் இருக்க எனக்குப் பழகிக்கொண்டிருக்கிறது. முதல் மாதம் சாப்பாடு இறங்கவில்லை. இப்போது இறங்குகிறது. அதுதான் பயமாக இருக்கிறது. வந்துவிடு.

உன்,
சபரி


காப்பெல்
3 ஏப்ரல் 1998

அன்புள்ள மாமா,

நைலான் பை வந்தது. நல்ல பை, தாராளமாக இருக்கிறது. நீங்கள் கடையில் நின்று ஹாப்ஸ் பையை விரித்து அளவு பார்த்ததை நினைத்துப் பார்த்தேன், பாவமாகவும் இருந்தது, ஆசையாகவும் இருந்தது. அனுமதி ஃபாரத்தையும் நினைத்தேன். அதை நீங்கள் எவ்வளவு பெரிய மனசோடு செய்தீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனாலேயே இதை எழுதக் கை வரவில்லை. நான்கு தாள் கிழித்துவிட்டேன்.

நேற்று வேய்னின் வக்கீல் ஆபீஸுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

உங்கள் பதில் வந்த பிறகு பத்து நாள் வீட்டுக்குள் நடந்தேன். கயல், "வொய் ஆர் யூ வாக்கிங், அம்மா?" என்று கேட்டுக்கேட்டு அலுத்துப்போனாள். நீங்கள் எழுதினதில் ஒன்றும் தப்பில்லை. காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது? இதுவரைக்கும் பார்த்த மாதிரி நான்தான். சாயங்காலம் ஐந்து வரை ஸ்கூலிலேயே பார்த்துக்கொள்கிறார்கள். லீஸைப் புதுப்பித்துவிட்டேன், உங்களைக் கேட்கவில்லை. நீங்கள் அங்கே என்னைக் கேட்காமல் போட்டீர்கள். இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு வீடு. படிக்கக் கேவலமாகத்தான் இருக்கிறது.

வக்கீல் ஆபீஸில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அந்தப் பெண் ஃபாரத்தை டைப் அடித்துத் தந்து சரிபார்க்கச் சொன்னாள். பெயர், பிறந்த ஊர், எல்லாம் வழக்கம்போல. தொழில் என்ற இடத்தில் "மைக்ரோபயாலஜிஸ்ட்" என்று இருந்தது. நான்கு வருஷமாக எல்லா ஃபாரத்திலும் அந்தக் கட்டத்தில் நீங்கள் "ஹவுஸ்வைஃப்" என்று எழுதுவீர்கள், நான் கீழே கையெழுத்துப் போடுவேன். வரி கட்டும் ஃபாரம், கயலின் ஸ்கூல் ஃபாரம், லைப்ரரி கார்டு. இந்தத் தடவை பேனாவை மேஜையில் வைத்துவிட்டேன். பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்து போட்டேன். அந்தப் பெண், எழுத்துப் பிழை ஏதாவது இருக்கிறதா என்று பயந்து கேட்டாள்.

உங்களை விட்டுப் போகவில்லை, மாமா. நீங்கள் இல்லாமல் இருக்க எனக்குப் பழகவே இல்லை. கட்டிலில் உங்கள் பக்கம் துவைத்த துணியைப் போட்டு வைத்திருக்கிறேன், மடிக்க நேரமில்லை என்று சொல்லிக்கொள்கிறேன். ஜூன் ஆறாம் தேதி கயலோடு அங்கே வருகிறேன். கோடை லீவு முழுக்க இருப்போம். ஆகஸ்ட் எட்டாம் தேதி திரும்ப வேண்டும், அவளுக்கு முதல் வகுப்பு ஆரம்பிக்கிறது. டிக்கெட்டை நீங்கள் எடுத்து அனுப்புங்கள். அனுப்பாவிட்டால் புரிந்துகொள்வேன். புரிந்துகொள்வேன் என்று எழுதுகிறேனே தவிர, எனக்குத் தாங்காது.

மரகதம்


மான்மவுத் ஜங்ஷன்
14 ஏப்ரல் 1998

மரகதம்,

இன்றைக்குத் தமிழ் வருஷப் பிறப்பு. குமாரசாமி பாயசம் வைத்தான், அடி பிடித்துவிட்டது.

உன் கடிதம் வந்து ஐந்து நாள் ஆகிறது. முதல் நாள் கோபத்தில் அந்த அனுமதி ஃபாரத்தைக் கிழித்துப் போட்டேன். இரண்டாம் நாள் உன்னைக் கூப்பிட்டு, கயல் "ஹலோ" சொன்னதும் வைத்துவிட்டேன். அது நான்தான். சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு எங்கே போகிறேன் என்று தெரியாமல் டர்ன்பைக் நெடுஞ்சாலையில் பென்சில்வேனியா வரைக்கும் போய்த் திரும்பினேன். எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. தீர்ந்துவிட்டது என்று எழுதினால் பொய்.

நேற்று மதியம் சாப்பிடும்போது மகாதேவன், "ஜூன்ல ஃபேமிலி வந்துடறாங்களா? மிஸஸ் என்ன பண்றாங்க?" என்று கேட்டார். எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். "சும்மா வீட்லதான் இருக்காங்க" என்று நான்கு வருஷமாகச் சொல்லி வாய் பழகிவிட்டது. அதுவே பாதி வெளியில் வந்துவிட்டது. "சும்மா..." என்றதும் நிறுத்திவிட்டேன். பிறகு, "மைக்ரோபயாலஜிஸ்ட் சார், டாலஸ்ல ஒரு ப்ரூவரி லேப்" என்றேன். அவர், "அப்படியா? சொல்லவேயில்லையே!" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நான் சொல்லாதது அவரிடம் மட்டும் இல்லையே.

சாயங்காலம் நேராக டிராவல் ஏஜென்சிக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பெண் தேதி கேட்டாள், பெயர் கேட்டாள். ஜூன் ஆறு, டாலஸிலிருந்து நியூவார்க், ஒரு பெரியவர், ஒரு குழந்தை. பிறகு, "ஒன் வேயா, ரவுண்ட் ட்ரிப்பா?" என்று கேட்டாள். எனக்குப் பின்னால் மூன்று பேர் நின்றார்கள். அவள் கீபோர்டில் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். ரவுண்ட் ட்ரிப் என்றேன். அவளுக்குக் கேட்கவில்லை, "எக்ஸ்க்யூஸ் மீ?" என்றாள். மறுபடியும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.

டிக்கெட் இரண்டும் இத்துடன் இருக்கிறது. ஆகஸ்ட் எட்டு, காலை விமானம். ஏர்போர்ட்டுக்கு நானே கொண்டுவந்து விடுகிறேன்.

சபரி